சர்க்கரைக்கு வரியா, பாட்டிலுக்கு வரியா?

2018 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் சிலர் கடை கடையாக ஏறி இறங்கி, அயர்ன் புரூ பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இந்தப் பானத்தின் மேல் அந்த ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாசம். கோக்கும் பெப்சியும் எவ்வளவு முட்டி மோதியும் அதை அசைக்க முடியவில்லை. இந்தப் பதுக்கல் விலை ஏறப்போகிறது என்ற பயத்தால் வந்ததில்லை. ருசி மாறப்போகிறது என்பதுதான் கவலை. 100 மில்லியில் 10.3 கிராம் இருந்த சர்க்கரையை 4.7 கிராமாகக் குறைப்பதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்திருந்தார்கள்.

அது ஏன் 4.7? அந்த ஏப்ரலில் பிரிட்டனில் அமலுக்கு வரவிருந்த குளிர்பான வரி, 100 மில்லிக்கு 5 கிராம் என்ற அளவில்தான் தொடங்கியது. அதற்கு ஒரு நூல் கீழே நின்றுவிட்டால் வரியே கிடையாது.

இனிப்புப் பானங்களுக்கு வரி என்றதும் பலருக்கும் தோன்றுவது நேரான கணக்கு. வரி போட்டால் விலை ஏறும், விலை ஏறினால் வாங்குவது குறையும். கணக்கு சரிதான், ஆனால் பாதிதான். வரியை எதன் மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, சில ஊர்களில் வாங்குபவர் மாறுகிறார், சில ஊர்களில் பாட்டிலுக்குள் இருப்பது மாறுகிறது, சில ஊர்களில் ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் மெக்சிகோ. கோலா அங்கே தாகத்துக்குக் குடிப்பதோடு நிற்கவில்லை. தெற்கே சியாபாஸ் மலைப்பகுதியில் உள்ள சான் ஹுவான் சாமுலா தேவாலயத்தில் மெழுகுவத்திகளுக்கு நடுவே கோலா பாட்டிலையும் வைத்துச் சடங்கு செய்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில், 2014 ஜனவரி 1 முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. விலையில் ஏறத்தாழ 10 சதவீதம்.

வரிக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று கழித்துப் பார்த்துவிட்டால் போதாதா? போதாது. அந்த வருஷம் வெயில் குறைவாக இருந்திருக்கலாம், மக்கள் கையில் காசு குறைந்திருக்கலாம், வரி வராவிட்டாலும் விற்பனை சரிந்துகொண்டே போயிருக்கலாம். அதனால் மெக்சிகோவின் தேசியப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகமும் சேர்ந்து, 53 நகரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாங்கிய பானங்களின் கணக்கை எடுத்து, வரியே வராமல் பழைய போக்கு நீடித்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று முதலில் மதிப்பிட்டன. பிறகு உண்மையில் வாங்கியதை அதோடு ஒப்பிட்டார்கள். 2014-இல் சராசரி வீழ்ச்சி 6 சதவீதம். ஆனால் அது மாதாமாதம் கூடிக்கொண்டே போய் டிசம்பரில் 12 சதவீதத்தைத் தொட்டது. மிக ஏழ்மையான குடும்பங்களில் அந்த டிசம்பர் வீழ்ச்சி 17 சதவீதம். வரி இல்லாத பானங்கள், முக்கியமாகப் பாட்டில் தண்ணீர், அதிகம் விற்றன. இரண்டாம் ஆண்டிலும் பழக்கம் பழையபடி திரும்பவில்லை. வீழ்ச்சி 10 சதவீதத்தை நெருங்கியது.

ஏழை வயிற்றில் அடிக்கிற வரி என்று கம்பெனிகள் எல்லா நாட்டிலும் சொல்கின்றன. பேச்சுக்குச் சொல்வதல்ல, அதில் நியாயம் உண்டு. ஒரு பெசோ பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே பெசோ. ஏழையின் வருமானத்தில் அது பெரிய பங்கு. ஆனால் குடிப்பதை அதிகம் குறைத்ததும் அந்த ஏழைதான். சர்க்கரை நோய் வந்தால் மருந்துக்கு அதிகம் திண்டாடப்போவதும் அவர்தான். என்னைக் கேட்டால், வரி வசூல் எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் இந்த வாதத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

மெக்சிகோ வரியில் வேறொரு ஓட்டை இருந்தது. லிட்டருக்கு ஒரு பெசோ என்பதால், பாட்டிலில் சர்க்கரை பாதியாக இருந்தாலும் அதே வரி. கம்பெனிக்குச் சர்க்கரையைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவும் அளவுக்குத்தான் வரி போட்டது. 2017 ஜனவரி முதல் ஒரு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். இரண்டு லிட்டர் பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் ஒரு டாலர், 12 கேன் பெட்டிக்கு 2 டாலர் 16 சென்ட். சர்க்கரையே இல்லாத டயட் சோடாவையும் விடவில்லை. மழலையர் பள்ளிகளுக்குப் பணம் வேண்டும் என்று மேயர் ஜிம் கென்னி வெளிப்படையாகவே சொன்னார். உடல்நலம் பேசி இதே வரியைக் கொண்டுவர முந்தைய மேயர் இருமுறை முயன்று தோற்றிருந்தார். பள்ளிக்கூடம் என்றதும் நகரமன்றம் தலையசைத்தது.

விளைவை அளக்க, அவ்வளவு தூரமில்லாத, வரி இல்லாத பால்டிமோர் நகரத்தை ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிலடெல்பியாவின் பெரிய கடைகளில் வரி விதித்த பானங்களின் விற்பனை 51 சதவீதம் விழுந்திருந்தது. பாதிக்குப் பாதி! ஆனால் நகரத்தின் மேற்கு ஓரத்தில் சிட்டி அவென்யூ என்று ஒரு சாலை. இந்தப் பக்கம் பிலடெல்பியா, அந்தப் பக்கம் வேறு கவுன்டி. சாலையைக் கடந்தால் அதே 12 கேன் பெட்டிக்கு அந்த வரி இல்லை. ஆய்வாளர்கள் எல்லைக்கு வெளியே உள்ள கடைகளின் கணக்கையும் எடுத்தார்கள். நகரத்தில் குறைந்த விற்பனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கழித்துவிட்டால் நிகர வீழ்ச்சி 38 சதவீதம். அதுவும் சின்ன எண்ணல்ல. ஆனால் நகர எல்லைக்குள் மட்டும் பார்த்து வெற்றி கொண்டாடியிருந்தால் ஏமாந்திருப்போம். டென்மார்க்கில் இதே எல்லைத் தொல்லைதான். மக்கள் ஜெர்மனிக்குப் போய் வண்டி நிறைய வாங்கி வந்ததில் சலித்துப்போய், பல பத்தாண்டு பழைய குளிர்பான வரியை 2014-இல் எடுத்தேவிட்டார்கள்.

பிலடெல்பியா ஆய்வில் எனக்கு அதிகம் பிடித்த செய்தி கடைக்காரர்களைப் பற்றியது. மருந்துக் கடைகள் ஒன்றரை சென்ட் வரியை முழுவதுமாக விலையில் ஏற்றிவிட்டன. சூப்பர் மார்க்கெட்டுகளோ பாதியைக்கூட ஏற்றவில்லை. வாடிக்கையாளர் எல்லை தாண்டிவிடுவார் என்ற பயமோ என்னவோ, மீதியைத் தாங்களோ மொத்த வியாபாரியோ விழுங்கிக்கொண்டார்கள். சட்டத்தில் எழுதிய வரி வேறு, பில்லில் ஏறும் வரி வேறு.

இப்போது பிரிட்டன். அங்கே லிட்டர் கணக்கை மட்டும் பார்க்கவில்லை, சர்க்கரையின் அடர்த்தியைப் பார்த்தார்கள். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே வரி இல்லை. தொடக்கத்தில் 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ். 8-க்கு மேல் 24 பென்ஸ். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இதை அறிவித்தது 2016 மார்ச்சில், அமலானது 2018 ஏப்ரல் 6-இல். இடையில் இரண்டு வருஷம். அந்த அவகாசம்தான் சூட்சுமம் என்பேன். குடிப்பவரைத் திருத்துவது அந்த வரியின் முதல் நோக்கமில்லை, தயாரிப்பவரைப் பயமுறுத்துவதுதான்.

பயந்தார்கள். அயர்ன் புரூ மட்டுமில்லை, ரைபீனா, லூக்கோசேட் என்று வரிசையாக 5-க்குக் கீழே இறங்கின. கோக்கின் பழைய ரகமோ வரியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றது. 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்கள் முன்பு 49 சதவீதமாக இருந்தன. 2019 பிப்ரவரியில் 15 சதவீதம். ஒரு வருஷம் கழித்துக் குடும்பங்களின் கொள்முதலைப் பார்த்தபோது, வாங்கிய பானத்தின் அளவு குறையவே இல்லை. ஆனால் அந்தப் பானங்கள் வழியாக வீட்டுக்குள் வந்த சர்க்கரை, ஒரு குடும்பத்துக்கு வாரம் ஏறத்தாழ 30 கிராம் குறைந்திருந்தது. அறிவித்தபோது அரசு எதிர்பார்த்த வசூல் ஆண்டுக்கு 52 கோடி பவுண்ட். முதல் ஆண்டில் கிடைத்தது 24 கோடிதான். வசூல் குறையக் குறைய வெற்றி என்று சொல்லத்தக்க வரிகள் உலகத்தில் அதிகமில்லை.

இதில் சில பக்கவிளைவுகளும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் லூக்கோசேட் குடித்துச் சமாளிப்பது அங்கே வழக்கம். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ பாதியாகிவிட்டதால், வழக்கமான அளவு இனிப் போதாது என்று நோயாளிகளுக்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரைக்குப் பதில் சேர்த்த செயற்கை இனிப்பூட்டிகள் பற்றியும் கேள்விகள் உண்டு. எடைக் கட்டுப்பாட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. உடல் பருமனில் பலன் உண்டா என்பதற்கும் விடை பாதிதான். தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புச் சிறுமிகளிடம் பருமன், வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்த அளவைவிட 8 சதவீதம் குறைந்திருந்தது என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. சிறுவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை.

இலங்கை இன்னும் துணிச்சலான வழியில் தொடங்கியது. 2016-இல் குளிர்பானப் பாட்டில்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களை அச்சிடச் சொன்னார்கள். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம் என்று நேரடியாகக் கிராம் கணக்கில் வரியும் வந்தது. எத்தனை கிராம் குறைக்கிறாயோ அத்தனை லாபம் என்று கம்பெனிக்குச் சொல்வதற்கு இதைவிட எளிய பாஷை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே, அரசியல் குழப்பத்துக்கு நடுவில், விகிதத்தைக் குறைத்துவிட்டார்கள்.

நம் இந்தியக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த இனிப்புப் பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸுமாக இருந்தது. கூட்டினால் அதே 40. சர்க்கரை துளியும் இல்லாத ஜீரோ கோலாவுக்கும் 40தான். கேஸ் இல்லாத மாம்பழக் கூழ் பானங்களுக்கோ அதே நாளில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கோலாவுக்குச் சற்றும் சளைக்காத சர்க்கரை உள்ள டெட்ரா பாக்கெட்டுகள் பல அந்த வரிசையில் இருக்கின்றன. ஆக, இங்கே வரி சர்க்கரையைப் பார்ப்பதில்லை, நுரையைப் பார்க்கிறது. அதுவும் விலையில் சதவீதம் என்பதால், ஒரே அளவு சர்க்கரை உள்ள இரண்டு கலர்களில் பாதி விலைக்கு விற்பது பாதி வரிதான் கட்டுகிறது. 40 சதவீதம் என்பது பல நாடுகளோடு ஒப்பிட்டால் கனமான வரி. இவ்வளவு வாங்கிக்கொண்டு, சர்க்கரையில் ஒரு கிராமைக் குறைக்கக்கூடக் கம்பெனிக்குக் காரணம் கொடுக்காமல் இருக்கிறோம். ஜிஎஸ்டி கவுன்சிலில் உட்காரும் மாநில நிதியமைச்சர்கள் இதைக் கேட்க வேண்டும்: 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்று படி வைத்து வரி போடுங்கள், மாம்பழப் பாக்கெட்டையும் அதே படியில் நிறுத்துங்கள், கம்பெனிகளுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுங்கள்.