தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் லண்டனின் ஹீத்ரோவுக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். இது பெருவட்டத் தூரம். பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி. சுவரில் மாட்டும் உலகப்படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் நேர்கோடு போட்டால் அது நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, திறந்த கடலின் மேல் போகும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ அது வடக்கே ஏறி நோவாஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து வழியாகச் செல்லும். நூல் காட்டுவதே குறுக்கு வழி. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால், அதை முழு உருண்டையாகக் கொண்டு போடும் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை வரலாம்.

பயண நேரம் இப்படி ஒரே எண்ணில் அடங்குவதில்லை. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழரை முதல் எட்டு மணி நேரம். காரணம் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும் பூமியின் சுழற்சியாலும், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக இக்காற்று விரைகிறது. விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. குளிர்காலத்தில் வெப்பநிலை வேறுபாடு கூடுவதால் காற்றும் வலுக்கிறது.

காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு, 150 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து வீசினால் தரைவேகம் 1,050 ஆகும்; எதிரே வீசினால் 750 ஆகக் குறையும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிக் கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி ஆவதில்லை. அதே 5,550 கிலோமீட்டருக்குப் போக 5.3 மணி, வர 7.4 மணி, மொத்தம் 12.7 மணி; காற்றே இல்லாவிட்டால் 12.3 மணிதான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால் இழப்பே மிஞ்சுகிறது.

2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. சுற்றியிருந்த காற்றும் சேர்ந்து ஓடியதுதான் காரணம். ஒலியை உண்மையாகவே விஞ்சிய கான்கார்ட் விமானம், 1996 பிப்ரவரி 7 அன்று இதே தடத்தை 2 மணி 53 நிமிடத்துக்குள் கடந்தது.

காற்று இப்படிப் பயண நேரத்தை மாற்றுவதால்தான் குறுகிய வழி எப்போதும் விரைவான வழியாக இருப்பதில்லை. கனடாவின் கேண்டரிலும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் காற்றின் போக்கைப் பார்த்து நாள்தோறும் அட்லாண்டிக் தடங்களை வகுக்கின்றன. கிழக்கே போகும் விமானங்களுக்குக் காற்றோடு செல்லும் தடங்கள். மேற்கே வருபவற்றுக்கு அதைத் தவிர்க்கும் தடங்கள், பல நாட்களில் மிக வடக்கே.

காற்றைவிடப் பெரிய தடை மூடப்பட்ட வான்வெளி. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். அந்தப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் அமைகிறது. 2022இல் ரஷ்யா பின்லாந்து விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியபின் அவை வட துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ பறக்கின்றன. ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.