திண்ணையில் ஒரு வட்டிக்காரர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக என் மகள் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி செய்தாள். முதல் பரிசும் வாங்கினாள். அதைச் சமையலறையில் மாட்டினோம். கேஸ் கசிகிறதோ இல்லையோ, தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது. சானிடைசர் பாட்டிலைத் திறந்தாலும் அலறுகிறது. சென்சார் பழுதா?”

பழுதில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அந்த வேலை கேஸைக் கண்டுபிடிப்பது என்று நாம் நினைத்துக்கொண்டதில்தான் சிக்கல். விற்பவர்கள் அதை ‘எலெக்ட்ரானிக் மூக்கு’ என்கிறார்கள். கடுகு பொரிகிறதா, கேஸ் கசிகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத மூக்கு எந்த ஊரிலும் கிடையாது.

மகளின் கருவியில் இருப்பது அநேகமாக எம்க்யூ-2 அல்லது எம்க்யூ-6 சென்சார். சின்னப் பலகை, அதன்மேல் எஃகு வலை போட்ட குமிழ், ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் திருகும் ஒரு நீலப் பெட்டி. குமிழுக்குள் விரல்நகம் அகலம்கூட இல்லாத ஒரு பீங்கான் குழாய். குழாயின் வெளியே டின் ஆக்ஸைடு பூச்சு, உள்ளே ஹீட்டர் கம்பி. ஐந்து வோல்ட் கொடுத்தால் ஹீட்டர் முக்கால் வாட் அளவுக்கு மின்சாரம் தின்று, பூச்சைச் சில நூறு டிகிரிக்குச் சுடவைக்கும். குமிழைத் தொட்டால் சுடுகிறதே என்று பயந்து கழற்றிவிடாதீர்கள். சுடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சின்ன 9 வோல்ட் பேட்டரியில் இதை ஓட்டுபவர்களும் கவலைப்பட வேண்டும், சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும்.

இனி அந்தப் பூச்சுக்குள் நடப்பது. எனக்கு அலுக்காத பகுதி இது. டின் ஆக்ஸைடு ஒரு குறைகடத்தி. அது அங்கே ஒரே கட்டியாக இல்லை, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய பூச்சாக இருக்கிறது. ஒவ்வொரு மணியையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், எலெக்ட்ரான்தான் பணம். வீட்டுக்கு வீடு பணம் கைமாறினால் அதுதான் மின்னோட்டம். நல்ல காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். எலெக்ட்ரான் என்றால் அதற்குத் தீராத ஆசை. சூடு ஏறியதும் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் வட்டிக்காரரைப் போல வந்து உட்கார்ந்து, உள்ளேயிருந்து எலெக்ட்ரானை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறது. வாசலை ஒட்டியிருந்த பணம் முழுக்கப் போய்விட்டது. உள்ளறையில் கொஞ்சம் மிச்சம் உண்டு. ஆனால் அதை எடுத்துக்கொண்டு, திண்ணையில் இருப்பவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? தெருவில் பணப்புழக்கம் நின்றுபோகிறது. மின்தடை ஏறுகிறது.

இந்த நேரத்தில் சிலிண்டர் கேஸில் இருக்கும் பியூட்டேன் வருகிறது. அது வட்டிக்காரரைக் கையைப் பிடித்து இழுக்க, இருவரும் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் பறந்துவிடுகிறார்கள். போகிற போக்கில் மடியில் முடிந்திருந்த பணம் வீட்டுக்குள்ளேயே விழுகிறது. திண்ணை காலி, தெருவில் மறுபடி கைமாற்று, மின்தடை சரிகிறது. கேஸ் தீர்ந்ததும் புதிய வட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், காற்றில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. சென்சார் பழைய நிலைக்குத் திரும்புவது அப்படித்தான். ஹீட்டர் இல்லாவிட்டால் வட்டிக்காரரும் தூங்கிவழிவார், பியூட்டேனும் வம்புக்குப் போகாது. பக்கத்தில் சிலிகான் பசை தடவினால் அதன் ஆவி திண்ணைமீது கண்ணாடிபோல் படிந்துவிடும். சிமெண்ட் பூசி மூடிய திண்ணையில் யார் வந்து உட்காருவது? அத்தோடு சென்சார் கதை முடிந்தது. ஆனால் மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஒப்புமையை இங்கே இறக்கிவைக்க வேண்டும், அடுத்தது அதற்குள் அடங்காது. மணிக்கும் மணிக்கும் நடுவே எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் மேடு ஒன்று இருக்கிறது. அதன் உயரத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவு நேர்விகிதம் அல்ல, அடுக்கேற்ற உறவு. 300 டிகிரி செல்சியஸில் வெப்பத்தால் எலெக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 0.05 எலெக்ட்ரான் வோல்ட். மேடு 0.1 எலெக்ட்ரான் வோல்ட் இறங்கினால் போதும், மின்தடை ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே வரும் ஒன்றிரண்டு பியூட்டேன் மூலக்கூறுகளை ஒரு மலிவான பூச்சு உணர்வது இந்தப் பெருக்கத்தால்தான். மணி சின்னதாக ஆக இன்னும் வேடிக்கை. ஆக்ஸிஜன் எலெக்ட்ரானை உறிஞ்சுவது மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய மூன்று நானோமீட்டர் ஆழம் வரை. மணியின் விட்டம் ஆறு நானோமீட்டருக்குக் கீழே போனால் உள்ளறை என்ற ஒன்றே மிஞ்சாது. உணர்திறன் சட்டென்று எகிறும். 1991இல் ஜப்பானில் ஆய்வாளர் யமாசோயேயும் உடனிருந்தவர்களும் காட்டியது இது.

வாசகருக்கான விடை அந்தத் திண்ணைக் கதையிலேயே இருக்கிறது. வட்டிக்காரரை இழுத்துப்போக எல்பிஜிதான் வர வேண்டும் என்றில்லை. சானிடைசரின் ஆல்கஹால், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்ஸைடு, தாளிப்புப் புகை என எரியக்கூடிய எது வந்தாலும் பூச்சுக்கு ஒன்றுதான். எம்க்யூ-6இல் ஆல்கஹாலுக்கும் புகைக்கும் கொஞ்சம் காது மந்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. வாயு பட்டால் குறைகடத்தியின் மேற்பரப்பு மாறுகிறது என்று 1953இல் இயற்பியலாளர்கள் பிராட்டெயினும் பார்டீனும் ஜெர்மானியத்தில் கண்டார்கள். 1962இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் செய்யாமா துத்தநாக ஆக்ஸைடில் வாயுவைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் நாவோயோஷி தகுச்சி டின் ஆக்ஸைடு சென்சாருக்குக் காப்புரிமை கோரினார், 1969இல் அந்தச் சென்சாரைத் தயாரிக்க ஃபிகாரோ நிறுவனம் பிறந்தது. இன்று நம் மாணவர்கள் வாங்கும் எம்க்யூ வரிசை சீனாவின் செங்சோ நகரத்துச் சரக்கு. குமிழின் வலை மட்டும் இவர்களையெல்லாம்விடப் பழையது: 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்குப் போட்ட அதே உபாயம். உள்ளே தீப்பற்றினாலும் கம்பிவலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சுடர் வெளியே தாண்டாது.

இனி கண்காட்சியில் எல்லாரும் வியந்து பார்க்கும் திரை. “எல்பிஜி: 1,274 பிபிஎம்” என்று கடைசி இலக்கம் வரை காட்டும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது). நம்பாதீர்கள். எம்க்யூ-6இன் விவரத்தாளையே பாருங்கள்: 1,000 பிபிஎம் எல்பிஜியில் அதன் மின்தடை 10 கிலோ ஓமிலிருந்து 60 கிலோ ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று தயாரித்தவரே எழுதியிருக்கிறார். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சென்சார்களுக்குள் ஆறு மடங்கு வித்தியாசம் வரலாம்! ஈரப்பதமும் அறைச்சூடும் வேறு அதை அசைக்கும். முதல் தடவை ஒரு நாளாவது சூடேற்றி வைக்க வேண்டும் என்பதையும் பரிசு வாங்கும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியே அளவீடு செய்யாதவரை அந்த 1,274 வெறும் கற்பனை.

திரையை விட்டு நீலப் பெட்டியின் திருகைப் பார்ப்போம். எத்தனை பிபிஎம்மில் அலற வேண்டும் என்பதை முடிவுசெய்வது அதுதான். எல்பிஜி தீப்பிடிக்கக் காற்றில் சுமார் 1.8 சதவீதம், அதாவது 18,000 பிபிஎம் வேண்டும். நல்ல எச்சரிக்கைக் கருவி இதில் கால் பங்குக்கும் கீழேயே அலறிவிட வேண்டும். சிகரெட் லைட்டரைக் குமிழருகே அழுத்தி, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை திருகைத் திருப்புவதுதான் நடைமுறை. லைட்டர் அங்கே கொட்டுவது கிட்டத்தட்ட தனி வாயு. எதிரில் நின்று கத்தினால் காது கேட்கிறது என்பதால் அடுத்த அறையில் முணுமுணுப்பதும் கேட்கும் என்று ஆகிவிடாது.

மாட்டும் இடமும் தவறாகவே இருக்கும். சுவரில் அழகாகக் கண் உயரத்தில் மாட்டுவார்கள். எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. சிலிண்டர் கேஸ் தரையோடு பரவி, கட்டிலுக்கடியிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் தேங்கும். தரையிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் உயரமே சென்சாருக்கு இடம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு. அந்த வீடுகளில் கூரையருகே மாட்ட வேண்டும்.

மகளின் கருவியில் இன்னொன்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன், நடுவர்களுக்கு மிகப் பிடித்த அம்சம்: கேஸ் கசிந்தால் தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் சுழலும். ஃபேனைப் போடும் மின்ஸ்விட்சான ரிலேயின் உலோகமுனைகள் சேரும்போது பொறி பறக்கும், சாதாரண ஃபேன் மோட்டாரிலும் பறக்கலாம். கசிவு நேரத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாதே என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்க, மகள் செய்த கருவி யாரையும் கேட்காமல் ஒரு ஸ்விட்சைப் போடுகிறது. அந்த ரிலேயை இன்றே கழற்றிவிடச் சொல்லுங்கள். பஸ்ஸர் இருக்கட்டும். அது அலறினால் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். எல்பிஜி அவசர உதவி எண்ணான 1906க்குப் போன் செய்வது வாசலுக்கு வெளியே போனபிறகு.