செப்புத் தகட்டில் ஒரு நடனமாது

1862 ஆம் ஆண்டு மாட்ரிட் நகரிலிருந்து நடனக் குழுவொன்று பாரிஸ் சென்றது. அதன் முன்னணி நடனமாது, லோலா டி வலென்ஸ் என்ற பெயரால் அறியப்பட்டவர். பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே அவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அத்துடன் அமையாது, அதே உருவத்தைச் செப்புத் தகட்டிலும் வரைந்து, 1863 இல் அச்சோவியமாக வெளியிட்டார். தீட்டி முடித்த ஓவியமொன்றை மீண்டும் தகட்டில் வரையவேண்டிய தேவை என்ன?

அக்காலத்தில் செதுக்குக் கலைஞரின் பணி பெரும்பாலும் பிறரது ஓவியங்களைப் பிரதிசெய்வதாகவே சுருங்கியிருந்தது. அப்பணியையும் ஒளிப்படக் கருவி கவர்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. இயந்திரத்தால் இயலாத ஒன்றைக் காட்டினாலன்றி அக்கலைக்கு வாழ்வில்லை என்ற நிலையிலேயே, ரெம்பிராண்ட், கோயா ஆகியோர் கையாண்ட அமில அரிப்பு முறையை ஓவியர்கள் நாடினர்.

இம்முறையில் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு இடப்படும். ஓவியர் அதன்மீது ஊசியால் வரைவார். பின்னர் தகட்டை அமிலத்தில் இட, பூச்சு நீங்கிய கோடுகள் மாத்திரம் அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் படம் பதியும். உலோகத்தை உளியால் உழும் பயிற்சி இதற்கு வேண்டியதில்லை. தாளில் எழுதுவதுபோல் கை தடையின்றி ஓடும். அதன் தயக்கமும் வேகமும் அப்படியே தங்கிவிடும். இதுவே ஒளிப்படத்தால் தரமுடியாதது.

வெளியீட்டாளர் அல்பிரட் கடார் 1862 இல் தொடக்கிய அமில அச்சோவியர் சங்கம் மாதந்தோறும் ஐந்து படங்களை வெளியிட்டது. லோலாவின் படமும் அதன் வழியாகவே வந்தது. கவிஞர் போதலேயர் இம்முயற்சியை வரவேற்றெழுதினார். ஆயினும், மிகவும் தனிப்பட்ட இக்கலை பெருந்திரளானோரைக் கவருமா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. அவரது ஐயம் பொய்க்கவில்லை எனலாம்: சங்கம் 1867 உடன் ஓய்ந்தது. அது மூட்டிய ஆர்வமோ இங்கிலாந்து, அமெரிக்கா வரை பரவியது.

மனே பின்னாளில் தமது எண்ணெய் ஓவியத்தின் வெறுமையான பின்னணியில் நாடக மேடையின் திரைகளைச் சேர்த்தார். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இன்று இருப்பது அவ்வாறு மாற்றப்பட்ட ஓவியமே. மேடைத் திரைகள் எவையுமின்றி அவர் முதலில் நிறுத்திய லோலாவை அச்சோவியத்தில்தான் காணலாம்.