செம்பூரில் மூன்றாம், நான்காம் வகுப்புக் கல்வி

மூன்றாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்கிறது. அதன் பின்னர் படித்துக் கற்கிறது. மும்பை செம்பூரில் 'அவர் லேடி ஆப் பெர்பெச்சுவல் சக்கர்' போன்ற கத்தோலிக்கப் பள்ளிகளில் பயிலும் தமிழ்க் குழந்தைகளுக்கு இத்திருப்பம் எளிதானதன்று.

பயிற்று மொழி ஆங்கிலம். கணிதம், சூழ்நிலையியல், மராத்தி ஆகியன மாநிலப் பாடத்திட்டத்தின்படி அமைந்தவை. நான்காம் வகுப்பு வரலாறு நெடுங்காலமாகச் சிவாஜியின் வாழ்க்கையாகவே இருந்து வந்துள்ளது. சமயபோதனை குறித்துப் பெற்றோர் சிலர் ஐயுறுவதுண்டு. அவர்தம் இசைவின்றி அதில் குழந்தையைப் பங்குகொள்ளச் செய்ய அரசியலமைப்பின் 28(3) பிரிவு இடந்தரவில்லை.

உண்மைச் சிக்கல் கணிதத்தில் தோன்றுகிறது. "ராமுவிடம் 24 கோலிகள் உள்ளன, இது சோமுவிடம் உள்ளதைவிட 9 அதிகம். சோமுவிடம் எத்தனை?" இக்கணக்கை ஆங்கிலத்தில் படிக்கும் சிறுவன், 'அதிகம்' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு 33 என எழுதிவிடக்கூடும். விடை 15. அவனுக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவு கட்டலாகாது. வாக்கியம் விளங்காமலும் இருந்திருக்கலாம்.

2021-இல் தொடங்கப்பெற்ற 'நிபுண் பாரத்' இயக்கம், 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டுமென இலக்கு வகுத்தது. அடைவை அளக்கச் செல்லும் அலுவலர், தவறிய கணக்கை ஒருமுறை வீட்டு மொழியில் வாய்மொழியாகக் கேட்ட பின்னரே மதிப்பெண் இடுவது நலம்.