மூன்று போத்தல் கியூடெக்ஸ்

பெண்மக்களின் அலங்காரத்தைப் பற்றி ஆடவர் பேசப் புகுந்தால், பேச்சு பெரும்பாலும் கண்டனத்திலேயே முடியும். சென்ற ஆவணி மாதம் வரை நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். அதனின்று என்னை விலக்கியது 250 ரூபாப் பெறுமதியான ஒரு சிறு போத்தல்.

பாடசாலை விடுமுறைக் காலம். நல்லூர்த் திருவிழாவுக்குத் தாயுடன் சென்று திரும்பிய என் மகள், இராச் சாப்பாட்டின்போது கையை மறைத்து மறைத்துப் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வருகிற ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருப்பவள். உற்றுப் பார்த்தேன். பத்து விரல் நகங்களும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

"பிள்ளை, இதென்ன கோலம்?" என்றேன்.

"கியூடெக்ஸ் அப்பா. திருவிழாக் கடையிலை வாங்கினது. 250 ரூபாதான்."

"250 ரூபாவுக்கு நஞ்சுதான் தருவார்கள். நாளைக்கே அழித்துவிடு."

அவள் அழவில்லை, எதிர்த்துக் கத்தவுமில்லை. "நீங்கள் கெமிஸ்ரி படிப்பிக்கிறனீங்கள்தானே அப்பா. அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு சொல்லிப்போட்டு ஏசுங்கோவன்" என்றாள்.

இருபதாண்டு காலமாக இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு அந்த வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. காரணம் கூறாது கண்டிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் மறுநாள் நூல்களைப் புரட்டினேன். அதன் பின், தந்தையும் மகளுமாகக் கடைத்தெருவுக்குச் சென்று இன்னும் இரண்டு போத்தல்கள் வாங்கி வந்தோம். ஒன்று மருந்துக்கடையில் வாங்கிய 800 ரூபாப் போத்தல். மற்றொன்று பெரிய கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்த 3,000 ரூபாப் போத்தல். மூன்றும் ஏறத்தாழ ஒரே சிவப்பு. விலையில் மட்டும் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பன்னிரண்டு மடங்கு வேற்றுமை.

நகத்துக்கு நிறமூட்டுதல் நமக்குப் புதியதொன்றன்று. மருதோன்றியை அரைத்து இரவில் விரல்களிற் கட்டிக்கொள்வதும், பாதங்களுக்குச் செம்பஞ்சுக்குழம்பு தீட்டுவதும் நம் முன்னோர் அறிந்த கலைகள். எனினும், அவற்றுக்கும் இக்காலப் பூச்சுக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. மருதோன்றியின் நிறப்பொருள் நகத்தினுட் புகுந்து, அதன் புரதத்தோடு பிணைந்துவிடும். நகம் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்வது. வளர்ந்து வெட்டப்படும் வரை அந்நிறம் போகாது. கியூடெக்ஸோ நகத்தின் மேற் படியும் மெல்லிய ஓர் உறை, வேண்டியபோது அழித்துவிடலாம்.

அந்த உறையின் வரலாறு விந்தையானது. 1846 ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தின் பாசல் நகரிற் பேராசிரியராக இருந்த சோன்பைன் என்பவர், பஞ்சை நைத்திரிக்கமிலத்திலும் சல்பூரிக்கமிலத்திலும் தோய்த்து வெடிபஞ்சு செய்யும் முறையைக் கண்டார். அவ்வினத்துப் பொருளே, வீரியம் குறைந்த வடிவில், பிற்காலத்திற் சினிமாப் படச்சுருளாயிற்று. 1920 களில் மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் உலரும் வர்ணமாயிற்று. அதே நைத்திரோசெலுலோசுதான் இன்று நம் பெண்களின் நகங்களிலும் மினுங்குகின்றது. எதைல் அசற்றேற்று, பியூற்றைல் அசற்றேற்று என்னும் கரைப்பான்களில் அதனைக் கரைத்து, வளைந்து கொடுப்பதற்கு ஒரு பொருளும், ஒட்டிக்கொள்வதற்கு ஒரு பிசினும், நிறப்பொடியும் சேர்த்தால் நகப்பூச்சு ஆயிற்று. கரைப்பான் ஆவியாகப் போய்விட, உறை எஞ்சும். கியூடெக்ஸ் என்பது உண்மையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். நம் நாட்டிலோ எந்த நிறுவனத்துப் பூச்சுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

இனி எங்கள் பரீட்சைக்கு வருவோம். போத்தல்களின் பெயர்களைக் கடதாசி ஒட்டி மறைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டோம். மகளின் கையில் மட்டும் பூசிப் பார்த்தல் போதாது. புத்தகம் புரட்டும் கைக்கும் தேங்காய் துருவும் கைக்கும் வேற்றுமை உண்டு. ஆகவே என் மனைவியும், முதலிற் சிரித்து மறுத்தாராயினும், பின்னர் தம் கையை நீட்டினார். பெருவிரலுக்கு ஒன்று, சுட்டுவிரலுக்கு இரண்டு, நடுவிரலுக்கு மூன்று என்பது முறை.

முதலாம் போத்தலின் மணம் மூக்கைத் துளைத்தது. தூரிகையின் மயிர்கள் சீரில்லாமையாற் கோடு கோடாகப் படிந்தது. மூன்றாவது ஒரே இழுப்பில் ஒழுங்காகப் பரவியது. இரண்டாவது அதற்குச் சிறிதே பின்னிற்பது. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவுகையில் மனைவியின் பெருவிரற் பூச்சு நுனியிற் பெயர்ந்தது. இரண்டாவது ஐந்தாம் நாளும், மூன்றாவது ஆறாம் நாளும் அவ்வாறே பெயர்ந்தன. பன்னிரண்டு மடங்கு விலைக்கு நாங்கள் பெற்ற மிகுதி ஆயுள் மூன்றே நாள்கள்.

மறு வாரம் முறையைத் திருத்தினோம். நகம் நீரில் ஊறினாற் சிறிது விரியும், உலர்கையிற் சுருங்கும். அதனாற் கை கழுவிய உடனே பூசிய பூச்சு வெடித்துவிடும். ஆதலின் நன்றாக உலர்ந்த நகத்தில் எண்ணெய்ப்பற்றை அகற்றினோம். முதலில் நிறமற்ற பூச்சொன்றை இட்டோம். அதன்மேல் தடித்த ஒரு பூச்சுக்குப் பதிலாக, பத்து நிமிட இடைவெளி விட்டு மெல்லிய பூச்சு இரண்டு இட்டு, நகத்தின் நுனியையும் மூடினோம். இம்முறை 250 ரூபாப் பூச்சும் ஐந்து நாள்கள் தாங்கியது. நிறமற்ற அடிப்பூச்சு, சிவப்பு நிறம் நகத்தில் மஞ்சட் கறையாகத் தங்காமலும் காத்தது. நல்ல தூரிகைக்கும் அழகிய போத்தலுக்கும் விளம்பரத்துக்கும் இறக்குமதி வரிக்கும் நாம் பணம் கொடுக்கின்றோம், பொறுமைக்கு விலையில்லை.

ஆயின், மலிவானவை யாவும் நல்லவை என்று நான் கூறவில்லை. பார்க்க வேண்டியது விலைச்சீட்டையன்று, பொருட்பட்டியலையே. தொலுயீன், போமல்டிகைட்டு, இருபியூற்றைல் தலேற்று என்னும் மூன்றையும் விலக்குவது நன்று. இவற்றுள் இறுதியிற் கூறியதை அழகுப் பொருள்களிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. நகப்பூச்சு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அது விரலிற் தோன்றாமல், விரல் அடிக்கடி தொடும் கண்ணிமையிலும் கழுத்திலும் தடிப்பாகத் தோன்றுவதுண்டு. காரணம் அறியாது பலர் கண்ணுக்கு மருந்து தேடுவர். பூசும்போது யன்னலைத் திறந்து வைத்தல் வேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகிற் போத்தலைத் திறத்தல் ஆகாது. வெடிபஞ்சின் உறவினர் எளிதில் தீப்பற்றுவர். அழிப்பதற்குப் பயன்படும் அசற்றோனும் அத்தகையதே. அழித்த பின், வறண்ட நகத்துக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவினாற் போதும்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால், இது வெறும் நகப்பூச்சுக் கதையாகவே முடிந்திருக்கும். "வீட்டில் உள்ள எல்லாவற்றின் பட்டியலையும் வாசிப்போம் அப்பா" என்று மகளே தொடங்கினாள். பவுடர், கண்மை, தாயின் உதட்டுச்சாயம் ஒன்று என யாவும் மேசைக்கு வந்தன. உதட்டுச்சாயத்தின் பட்டியலில் 75470 என்னும் இலக்கம் இருந்தது. அது கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செந்நிறத்தைக் குறிப்பது. வெள்ளிக்கிழமைகளில் விரதம் காக்கும் என் மனைவி அதனைக் கேட்டதும் அந்தச் சாயத்தைத் தூர வைத்துவிட்டார். சைவ உணவினர் அந்த இலக்கத்தை நினைவில் வைத்திருத்தல் நன்று. கண்மை நாட்படக் கிருமி சேரும் பொருளாதலால், ஒருவர் தீட்டியதை மற்றவர் தீட்டலாகாது என்பதையும் குறித்துக்கொண்டோம்.

ஈற்றில் வந்தது ஒரு வெள்ளைச் சிமிழ். நிலைக்கண்ணாடிக்கு முன்னே, விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில், இரண்டு வாரங்களாக எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்த முகக் கிறீம் அது. அதன்மேற் பொருட்பட்டியல் இல்லை. செய்தவர் முகவரி இல்லை. தொகுதி இலக்கமும் இல்லை. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில், ஏழு நாள்களில் முகம் வெளுக்கும் என்றும், தங்க, வெள்ளி நகைகளிற் படாமற் பூசுக என்றும் எழுதியிருந்தது.

நகையிற் படலாகாது என்ற வரியைக் கண்டதும் எனக்குத் திடுக்கிட்டது. பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் கலந்து அவற்றைக் கெடுக்கும் என்பது நான் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்வது. பாதரச உப்புகள் தோலின் கருநிறம் உண்டாவதைத் தடுப்பன. அதனால் முகம் சில நாள்களுக்கு வெளுத்தது போலத் தோன்றும். அவை தோல் வழியே உடலிற் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுப்பன. பூசியவரின் கையாலும் துவாயாலும் வீட்டிலுள்ள குழந்தைகளையும் சென்று சேர்வன. 2013 ஆம் ஆண்டில் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கையின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசம் கொண்ட அழகுப் பொருள்களை 2020 ஆம் ஆண்டின் பின் செய்தலும் கூடாது, நாடு விட்டு நாடு அனுப்புதலும் கூடாது. 2023 இல் உடன்பட்ட நாடுகள் மீண்டும் கூடி, அந்த ஒரு பங்கையும் 2025 ஆம் ஆண்டுடன் ஒழிக்க முடிவு செய்தன. எங்கள் சிமிழுக்குள் இருந்தது பாதரசந்தானா என்று வீட்டில் வைத்துச் சோதிக்க வழியில்லை. பெயரும் முகவரியும் இல்லாத ஒன்றைக் குப்பைக்கு அனுப்புவதற்குச் சோதனையும் வேண்டியதில்லை. மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று காட்டினோம். தீங்கு நேரவில்லை என்று அறிந்து ஆறுதலடைந்தோம்.

"ஏன் பிள்ளை இதைப் பூசினாய்?" என்று கேட்டேன். இம்முறை என் குரலில் அதட்டல் இல்லை.

"நீங்கள்தானே அப்பா, வீட்டுக்கு ஆர் வந்தாலும் 'பிள்ளை என்னைப் போலக் கறுப்பு' எண்டு சொல்லிச் சிரிக்கிறனீங்கள்" என்றாள்.

விருந்தினர் முன் நான் அதை அன்பினாலேயே சொல்லி வந்தேன். என்னைப் போல என்பதே எனக்குப் பெருமையான சொல். அவள் காதில் விழுந்ததோ மற்றச் சொல். சிவந்த நகத்தைக் கண்டு ஒரே இரவிற் சீறிய நான், முகத்தை வெளுக்கச் செய்யும் சிமிழை இரண்டு வாரங்களாகக் கண்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறவினர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த அதனை, பிள்ளையின் நன்மைக்கென்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். நகத்திற் பூசிய நிறம் ஒரு நாள் விளையாட்டு. அழித்தால் அவள் நகம் அவளுக்கு மீளும். அந்தக் கிறீமோ அவளுடைய சொந்த நிறத்தையே குற்றமென்று சொல்வது.

தாய் தந்தையர்க்கு நான் கூற விரும்புவது இதுவே. பிள்ளைகள் கடைத்தெருவில் வாங்கி வரும் பொருளைக் கண்டு சினக்கு முன், அவர்களோடு இருந்து அதன் பட்டியலை வாசியுங்கள். புதிய பூச்சு எதுவாயினும் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பட்டியலில்லாத பொருளை, விலை எவ்வளவாயினும், கொடுத்தவர் யாராயினும், வீட்டினுட் சேர்க்காதீர்கள். வெளுக்கச் செய்யும் என்று கூறும் பொருளைக் கண்டால், அது ஏன் வீட்டுக்கு வந்தது என்பதையும் கேட்டறியுங்கள்.

பாடசாலை தொடங்கும் நாளுக்கு முதல்நாள் மாலை, மகள் தானாகவே நகங்களை அழித்துவிட்டாள். 250 ரூபாப் போத்தல் அடுத்த விடுமுறைக்காக அலுமாரியில் இருக்கின்றது. சென்ற வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், "பிள்ளை ஆரைப்போல?" என்று கேட்டார். "என்னைப் போல" என்று மட்டும் சொன்னேன்.