இறைச்சிக் கடைக்காரர் மகனின் கணக்கேடு

உதைபந்தாட்ட வீரர், தொழிலதிபர், கழக நிர்வாகி என்னும் மூன்று நிலைகளிலும் வெற்றிகண்ட சிலருள் ஜேர்மனியின் உலி ஹோனஸ் முதன்மையானவர். 1952 இல் ஊல்ம் நகரில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1970 இல் பயர்ன் மியூனிக் கழகத்தில் சேர்ந்து, 1974 முதல் தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கிண்ணத்தையும், 1974 இல் மேற்கு ஜேர்மனிக்காக உலகக் கிண்ணத்தையும் வென்ற அணிகளில் ஆடினார். முழங்கால் காயத்தால் ஆட்டம் முடிவுக்கு வரவே, 1979 இல், 27 வயதிலேயே அக்கழகத்தின் முகாமையாளரானார்; அதாவது, பயிற்சியளிப்பவராக அன்றி, வீரர் ஒப்பந்தங்களையும் வரவுசெலவையும் கவனிப்பவராக.

அப்போது கழகத்தின் ஆண்டு வருமானம் 12 மில்லியன் மார்க். கடனோ 7 மில்லியன். நுழைவுச்சீட்டு விற்பனையையே பெரிதும் நம்பியிருந்த அந்த நிலை, ஒரு சுற்றுப்போட்டியை நடத்தவே அனுசரணையாளரைத் தேடி அலைய நேரும், இலங்கையின் கல்முனை, ஒலுவில் பகுதிக் கழகத்தினருக்கு எளிதில் விளங்கும். 1984 இல் நட்சத்திர வீரர் ரும்மெனிகேயை இன்டர் மிலானுக்குக் கொடுத்துக் கடனிலிருந்து மீண்ட ஹோனஸ், அனுசரணை, கழகச் சீருடை விற்பனை, தொலைக்காட்சி உரிமை ஆகியவற்றை நிலையான வருமான வழிகளாக வளர்த்தெடுத்தார். 1985 இல் பங்காளி ஒருவருடன் நியூரம்பேர்க்கில் சொசேஜ் தொழிற்சாலையையும் தொடங்கினார்.

ஜேர்மனியில், கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை அதன் அங்கத்தவர்களிடமே இருக்க வேண்டுமென்பது பொதுவிதி. அதற்குள் நின்றே அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் ஆகிய நிறுவனங்களுக்குச் சிறு பங்குகள் விற்கப்பட்டன. 2005 இல் திறக்கப்பட்ட புதிய மைதானத்தின் கடனும் குறித்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 2014 இலேயே தீர்க்கப்பட்டது. போட்டிக் கழகமான டோர்ட்முண்ட் நெருக்கடியில் தவித்தபோது பயர்ன் கடன் கொடுத்துதவியதும் அவர் காலத்திலேயே. எதிரணி அழிந்தால் போட்டியே அழியும் என்பதை உணர்ந்த செயலாக அதைக் கொள்வதே பொருத்தம்.

கழகக் கணக்கில் இத்தனை கண்டிப்பு காட்டிய அவர், தம் சொந்தக் கணக்கில் பெரும் தவறிழைத்தார். சுவிஸ் வங்கிக் கணக்கொன்றின் வழியாக நடத்திய நாணய வணிகத்தின் இலாபத்தை மறைத்து, 28.5 மில்லியன் யூரோ வரி ஏய்த்த குற்றத்துக்காக, 2014 மார்ச்சில் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீடு செய்யாமல், அப்போது வகித்த கழகத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். கழகப் பணத்துக்கும் இவ்வழக்குக்கும் தொடர்பில்லை என்பது உண்மையே. ஆயினும் பொதுமக்களுக்குச் சேரவேண்டிய பணம் அது என்பதால் குற்றத்தின் கனம் அதனால் குறைந்துவிடாது. 2016 பெப்ரவரியில் விடுதலையான அவரை அங்கத்தவர்கள் அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தலைவராக்கினர். 2019 இல் அப்பதவி அடிடாஸின் முன்னாள் தலைவர் ஹேர்பேர்ட் ஹைனரிடம் சென்றது.