துப்பாக்கி சொல்லும் ஊரும் பேரும்

வேலூர் லாங் பஜாரில் கடைகள் நெருக்கியடித்து நிற்கும். அந்தச் சந்தடிக்குப் பக்கத்தில்தான், அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டை இருக்கிறது. 1799-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் உயிர் துறந்தார். அவர் குடும்பத்தாரைக் கும்பினியார் கொண்டுவந்து காவலில் வைத்தது இந்தக் கோட்டையில்தான். 1806-ல் இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அவருடைய பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குடும்பம் வேலூருக்கு வந்தது. திப்புவின் ஆயுதங்கள் பலவும் கப்பல் ஏறிச் சீமைக்குப் போயின!

20 கோடி ரூபாய்!

அவற்றுள் ஒன்று, பறவை வேட்டைக்கான துப்பாக்கி. 1793-94-ல் செய்யப்பட்டது. 2023-ல் அதன் மதிப்பு 20 லட்சம் பவுன் என்றார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 20 கோடி ரூபாய்! அது நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் தற்காலிகத் தடையும் போட்டது.

இது திப்புவின் துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியே சொல்லும்!

செய்தவர் தம் பெயரை அதில் பொறித்திருக்கிறார். அசத் கான் முகம்மது என்பது அந்தப் பெயர். சுல்தான்களின் பெயர் சரித்திரத்தில் நிற்கும். வேலை செய்த தொழிலாளியின் பெயரை யார் எழுதி வைப்பார்கள்? தாமே பொறித்ததால் அல்லவா அவர் பெயர் நமக்குத் தெரிகிறது!

திப்புவின் ஆயுதங்களுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. புலி அவருடைய சின்னம். அதனால் புலித் தலையும் புலியின் உடற்கோடுகளும் அவற்றில் காணப்படும். பாரசீக எழுத்துக்களும் இருக்கும்.

சீமைத் துப்பாக்கியின் முத்திரை

சீமையில் செய்த துப்பாக்கி என்றால் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சிறு முத்திரைகள் இருக்கும். புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை! லண்டனில் இதற்கென்று சோதனைச் சாலை உண்டு. பர்மிங்காமில் 1813-ல் ஏற்பட்டது. முத்திரை மாறி மாறி வந்ததால், அதைக் கொண்டு ஊரையும் காலத்தையும் கணக்கிடலாம்.

‘12’ என்ற எண்ணும் இருக்கலாம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சமமான உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். அதுதான் 12 போர் துப்பாக்கி.

பெயரைப் பார்த்து ஏமாறலாம்!

துப்பாக்கியின் மேல் பெரிதாக இருக்கும் பெயர் செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர். அண்ட் சன்ஸ் அந்த நாளில் துப்பாக்கியும் விற்றது. சீமையிலிருந்து வந்த சரக்கில் விற்ற கடையின் பெயரைப் பொறிப்பது வழக்கம். ஆகையால் பெயரையும் முத்திரையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். குத்துவிளக்கா அது, புளி போட்டுத் துலக்க? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், துருவோடு செய்தவர் பெயரும் போய்விடும். பிறகு அது வெறும் இரும்பு!

சுட்டுப் பார்க்கவும் கூடாது. இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த பழைய குழல்கள் கரிமருந்துக்காக ஏற்பட்டவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கை போய்விடலாம். உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கவும் கூடும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

“தாத்தா வைத்திருந்ததுதானே!” என்று சும்மா இருப்பதும் ஆபத்து. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது எந்த வகை என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. கிடைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முதலில் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.